பேனா நின்னா மாத்து

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டே அவள் கண்ணாடிக்கடைக்கு நடந்தாள்.

பெற்ற மகளின் கண் பழுதாக இருக்கவேண்டும் என்று எந்தத் தாயாவது ஆசைப்படுவாளா? அவள் ஆசைப்பட்டாள். கண் என்றால் ஒரு கண்ணாடியோடு போய்விடும். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் கோளாறு என்றால், எந்தக் கடையில் போய் எதை வாங்கி மாட்டுவது?

குருவி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். குருவி என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். தொட்டிலில் கிடந்தபோதே யார் குரல் கேட்டாலும் தலையை வெடுக்கென்று திருப்பி முகத்தைத் தேடுவாளாம். பத்து வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதும் நடந்துகொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

அவள் சிரித்து வைத்தாள். குருவியும் உடனே சிரித்தாள்.

போன வாரம் நடந்ததை அவள் இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. இதுவரை வகுப்பில் வாயால் கேட்டுக்கொண்டிருந்த கணக்கை, இந்த வருடம்தான் முதல்முறையாகத் தாளில் எழுதச் சொன்னார்கள். எப்போது கேட்டாலும் பட்டென்று விடை சொல்லும் குருவி, தாளின் தலையில் தன் பெயரை எழுதிவிட்டு மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். பெயருக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை.

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி. இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். இன்று பள்ளி விட்ட பிறகு, அவர் அறையிலேயே, ஒரு சின்னத் தேர்வு. அதற்குள் பிள்ளையை வீட்டில் வைத்துக் கொஞ்சம் தைரியம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். இந்தத் தடவையும் தாள் வெள்ளையாக வந்தால் வேறு வழியில்லை. குருவியின் தோழிகள் எல்லோரும் அடுத்த வகுப்புக்குப் போவார்கள். குருவி அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இத்தனைக்கும் பெற்றவள் கணக்கு டீச்சர். பள்ளியில் இல்லை, வீட்டில். சாயங்காலமானால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடும். அந்த மேஜையில் தவழ்ந்து வளர்ந்தவள் குருவி. கீழ்வீட்டுப் பெண்மணி நேற்று தன் பையனைக் கூட்டிப் போக வந்தபோது, "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். கேலிக்குத்தான் சொன்னார். அந்தக் கேலி ராத்திரி முழுக்க அவள் தலையணைக்கு அடியில் கிடந்து குத்தியது.

லாரி ஓட்டும் கணவர் எங்கோ வழியிலிருந்து போன் செய்தார். "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். என் பொண்ணு வேற எப்படி இருப்பா?" என்றார். அவளும் சிரித்தாள்.

அவள் மனசுக்குள் வைத்துப் பூட்டியிருந்த பயம் வேறு. மக்காக இருந்தால் பரவாயில்லை. மறதி என்றாலும் பரவாயில்லை. ஆனால் நேற்றுவரை மேஜையில் உட்கார்ந்து அத்தனை சரியாக விடை சொன்ன பிள்ளை, ஒரே நாளில் எல்லாவற்றையும் எப்படித் தொலைத்தாள்? தலைக்குள் ஏதாவது ஆகிவிட்டதா? அந்தக் கேள்வியை முழுசாக நினைக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பாதி நினைத்து, மீதியைக் கண் என்று மாற்றிக்கொண்டாள்.

கொழுந்தன் கண்ணாடிக்கடை வைத்திருந்தான். கண் பரிசோதனைக்கு முறையாகப் படித்தவன். கடைக்குள் நுழைந்ததுமே குருவியைத் தூக்கி உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, சித்தப்பாவுக்கு வியாபாரமே இல்லை, நீயாவது ஒரு கண்ணாடி போட்டுக் காப்பாற்று என்றான். குருவி வெட்கப்பட்டாள்.

உள்ளறையில் ஒரு திரை. திரைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அவள் அதில் உட்கார்ந்தாள். திரை முழுசாக மூடவில்லை. இடைவெளியில் கொழுந்தனின் தோளும் குருவியின் ஒரு பக்கக் கன்னமும் தெரிந்தன.

சுவரில் இருந்த எழுத்துகளைக் குருவி மேலிருந்து கீழே படித்தாள். கடைசி வரிவரைக்கும் தடையில்லை. படிக்காதே, ஒரு எழுத்தையாவது தப்பாகச் சொல், என்று அவளுக்குள் யாரோ கெஞ்சினார்கள்.

அப்புறம் கொழுந்தன் கனமான பரிசோதனைச் சட்டத்தைக் குருவியின் மூக்கில் மாட்டினான். அதில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டான். இது தெளிவா, இது தெளிவா என்று கேட்டான். குருவி ஒவ்வொரு முறையும் சொன்னாள். முதலாவது. ரெண்டாவது. முதலாவது.

நடுவில் அவன் பேச்சு குறைந்தது. அதை அவள் கவனித்தாள். விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தான். சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக நின்றன.

"இது தெளிவா, இதுவா?"

சட்டம் மாட்டிய தலை இப்படியும் அப்படியும் திரும்பியது.

"சொல்லுடா கண்ணு."

"சித்தப்பா, எதுன்னு சொல்லுங்க." குருவியின் குரல் நடுங்கியது. "எனக்கு உங்க மூஞ்சி தெரியல."

விளக்கு எரிந்தபோது குருவி அழுதுகொண்டிருந்தாள். பரிசோதனைச் சட்டத்துக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

பையில் இருந்த பழத்தைக் கொடுத்து அவளைக் கடையின் முன்பக்கம் உட்காரவைத்துவிட்டு, கொழுந்தன் அண்ணியை உள்ளே கூப்பிட்டான். சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"கண்ணு நல்லா இருக்கு அண்ணி. ரொம்பவே நல்லா இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

கண்ணாடி ஆசையில் சில பிள்ளைகள் தெரியவில்லை என்று பொய் சொல்லும், அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வேலை செய்வோம் என்று அவன் விளக்கினான். ஒரே வில்லையை இரண்டு தடவை போட்டு, எது தெளிவு என்று கேட்பது. ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்லும் பிள்ளை உண்மை சொல்கிறது. குருவிக்கும் அப்படித்தான் போட்டான். முதல் தடவை போடும்போது சும்மா புருவத்தைத் தூக்கினான். அதுதான் தெளிவு என்றாள். அடுத்த முறை இரண்டாவதுக்குத் தூக்கினான். இரண்டாவது என்றாள். எத்தனை முறை மாற்றினாலும் அவன் புருவம் எங்கே உயர்ந்ததோ அங்கேதான் தெளிவு.

"பொய் சொல்லல அண்ணி. அவளுக்கு அப்படித்தான் தெரியுது. அவ சுவத்தைப் படிக்கல. என்னைப் படிக்கிறா."

இதற்கு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தனக்குக் கண்தான் தெரியும், இது தெரியாது என்று அவன் ஒப்புக்கொண்டான். பிறகு பழக்கதோஷத்தில், "நீங்க வேணா முகமூடி போட்டுக்கிட்டுப் பாடம் எடுங்க" என்றான். சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் குருவியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்ததால் இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று தெரியவில்லை. தன் கன்னம், உதடு, நெற்றி எல்லாம் யாரோ ஒருத்தியுடையவை போல, அவள் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகின்றன என்று தோன்றியது. தெருவில் எதிரே வந்தவர்களைப் பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் துடைத்தாள். அவளும் குருவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு தாளும் பேனாவும் எப்போதும்போல் அவள் கைக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் விடை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவது அவள் வழக்கம்.

ஒரு டப்பாவில் ஆறு பென்சில், ஏழு டப்பாவில் எத்தனை என்று கேட்டாள்.

குருவி முகத்தைப் பார்த்தாள். "நாப்பத்திரெண்டு."

சரியான விடை. அவள் எழுதவில்லை. வேண்டுமென்றே, மேஜையில் யாராவது தப்பாகச் சொன்னால் சொல்வதுபோல, மெல்லக் கேட்டாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"நாப்பத்தெட்டு."

அவள் அசையவில்லை.

"முப்பத்தாறு." குருவியின் கண் அவள் கண்ணைவிட்டு நகரவில்லை. "முப்பத்தஞ்சு? அம்பத்தாறு? அம்மா, அம்பத்துநாலு?"

"போதும்."

"பதிமூணு."

பதிமூன்று. ஆறையும் ஏழையும் கூட்டியாகிவிட்டது. கூட்டலா பெருக்கலா என்பதுகூட இப்போது பொருட்டில்லை. சரியான சாவி கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளை கிடைத்த சாவியையெல்லாம் பூட்டில் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு அம்மாவின் முகம்.

இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போகும் அந்த ஒரு நொடிபோல அவளுக்கு இருந்தது. இத்தனை வருடமாக இந்தப் பிள்ளை எதன்மேல் நின்றுகொண்டிருந்தாள்?

அவள் எழுந்துபோய்க் குருவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திட்டமாட்டேன் என்றாள். சத்தியமா என்று குருவி கேட்டாள். சத்தியம் என்றாள். பிறகு, நான் ஒன்றும் சொல்லாதபோதே உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள்.

குருவி மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன் பேனாதான். சரின்னா அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். தப்புன்னா நின்னுடும்."

"நின்னா?"

"பேனா நின்னா மாத்து." பாட்டுபோல, பல தடவை சொல்லிப் பழகிய இழுவையோடு குருவி சொன்னாள். "நீ 'நல்லாப் பார்த்துச் சொல்லு'ன்னு சொன்னாலும் மாத்தணும். 'உறுதியா?'ன்னு கேட்டா மாத்தியே ஆகணும்."

"யார் சொன்னா இப்படி?"

"பெரியக்கா."

பெரியக்கா என்பது மேஜையின் மூத்த மாணவி. சின்ன வயதிலிருந்தே இங்கே படிக்கிறவள். இந்த வருடம் பொதுத்தேர்வு எழுதப்போகிறவள். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால், பென்சில் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு இதையும் அவள் சொல்லிக்கொடுத்துவிடுவாளாம். கெட்ட எண்ணத்தில் இல்லை, புதுசாக வந்தவர்கள் பயப்படக் கூடாதே என்று.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்தான்மா." உனக்குத் தெரியாதா என்பதுபோல் குருவி நிமிர்ந்து பார்த்தாள்.

என்னிடம் படிக்கிற பிள்ளைகள் தங்கள் தப்பைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள் என்று பெற்றோர்களிடம் அவள் பெருமையாகச் சொல்வது உண்டு. அடிப்பதில்லை, திட்டுவதில்லை, தப்பு என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. பேனாவை நிறுத்தி ஒரு பார்வை, அவ்வளவுதான். பிள்ளையே கண்டுபிடித்துவிடும். எவ்வளவு மென்மையான முறை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்ட சாயங்காலங்கள் எத்தனை.

மேஜையைச் சுற்றி நிமிர்ந்த அத்தனை முகங்களும் அவளுக்கு நினைவு வந்தன. அவை தாளைப் பார்த்துக் குனிந்திருந்ததாக ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் குருவி தனியாகப் போயாகவேண்டும்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பேனாவைத் தூர வைத்தாள். விடையே வேண்டாம், நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் சொல், போதும் என்றாள். ஒரு பண்டத்தை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு வைத்தால் ஒரு பங்கு, நான்கு பேருக்கு வைத்தால் ஒரு பங்கு. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. எது பெரிது?

"அம்மா, திரும்பி உட்காரு."

"இப்படியே சொல்லு."

"எனக்குப் பிடிக்கல. நீ யாரோ மாதிரி இருக்கே."

அவள் திரும்பவில்லை. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, "நாலுல ஒண்ணு" என்றாள் குருவி. "நாலுதானே பெரிசு."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இல்ல, மூணுல ஒண்ணு."

"ஏன் மாத்தினே?"

"உன் முதுகு வெறைச்சுடுச்சு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதுகும் பேசுகிறது. உடம்பில் எந்த இடத்தை மூடிக்கொண்டால் இந்தப் பிள்ளைக்குச் சேதி போகாது? அம்மா என்பவள் தலையிலிருந்து கால்வரை ஒரு விடைத்தாளாக இருக்கிறாள்.

அவள் எழுந்தாள். பழைய செய்தித்தாளிலிருந்து ஒரே நீளத்துக்கு இரண்டு பட்டைகள் கிழித்துக் குருவியின் முன்னால் வைத்தாள். ஒன்றை மூன்றாக மடி, இன்னொன்றை நாலாக மடி என்றாள்.

"நான் துவைக்கிற இடத்துக்குப் போறேன். கதவைச் சாத்திக்குவேன். நீ எனக்காகச் சொல்லவேண்டாம். அந்தத் தாளைக் கேளு. தாளுக்கு மூஞ்சி கிடையாது."

"அம்மா, போகாதே."

போனாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

வீட்டில் சத்தமே இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்பது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பிள்ளை அழுகிறாளா, மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டாளா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா, அந்த வெள்ளைத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப்போல. கதவைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன? கை தாழ்ப்பாளுக்குப் போனது.

பார்க்காமல் இருக்க முடியாதது குருவிக்கு மட்டுமா? பிள்ளை யோசிக்கிறாள் என்றால் அந்த யோசனையின் ஒவ்வொரு அடியிலும் கூட நடந்து, கையைப் பிடித்து, கல் தடுக்கும் முன்பே தூக்கிவிட்டாள் இவள். தான் இல்லாத ஓர் இடம் அந்தச் சின்னத் தலைக்குள் இருக்கக் கூடும் என்பதே இவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. அதை அன்பு என்று நினைத்திருந்தாள்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், வாளியில் ஊறிக்கொண்டிருந்த ஒரு சட்டையைப் பிழிந்தாள். காயப்போடாமல் மறுபடியும் வாளியிலேயே போட்டாள்.

காகிதம் மடங்கும் சத்தம். கிழியும் சத்தம். "ச்சே" என்று ஒரு முனகல். மூன்றாக மடிப்பது அவ்வளவு சுலபமில்லை, பாதிப்பாதியாக மடித்துப் பழகிய கைக்கு அது வராது. அதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மறுபடியும் மடங்கும் சத்தம்.

"அம்மா, உள்ளே வராதே."

"வரல."

"நான் முதல்ல சொன்னது தப்பு." குருவியின் குரலில் இதுவரை அவள் கேட்டிராத ஒன்று இருந்தது. கண்டுபிடித்த குரல் அல்ல, கொஞ்சம் கோபப்பட்ட குரல். "நாலுல ஒண்ணு சின்னதா இருக்கு. நாலு பேர் வந்துட்டா ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சமாத்தான் வரும். அஞ்சு பேர்னா இன்னும் கம்மியாயிடும். அடியில இருக்கிற நம்பர் பெரிசானா பங்கு சின்னதாகும்."

ஐந்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

சபாஷ் என்று கத்தத் தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதைச் செய்தால் பிள்ளைக்கு இன்னொரு பேனா கிடைத்துவிடும். குரலைச் சமமாக வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வியைக் கேட்டால் குருவி விடையை மாற்றியே ஆகவேண்டுமோ அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உறுதியா?"

அவள் காதைக் கதவில் வைத்தாள். மாற்றிவிடுவாள். மாற்றிவிட்டால் எல்லாம் போச்சு.

"இரு, இன்னொரு தடவை மடிச்சுப் பாக்கறேன்."

மடங்கும் சத்தம்.

"மாத்த மாட்டேன்" என்றாள் குருவி. சொல்லிவிட்டு அழுதாள். இந்த முறை சத்தமாக.

கதவைத் திறந்து போய் அவளை மடியில் வைத்துக்கொண்டு, சரியா தப்பா என்று எதுவும் சொல்லாமல், வெறுமனே முதுகைத் தடவினாள். மேஜைமேல் கசங்கிய செய்தித்தாள் துண்டுகள் குவிந்திருந்தன.

ஒரு மத்தியானத்தில் ஒரு கணக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு தேர்வுக்குக் கூட்டிப்போகிறேன், என்ன பைத்தியக்காரத்தனம் என்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குள் ஓடியது. குருவி பேசாமல் வந்தாள். பள்ளி வாசல் தெரிந்ததும் ஒன்று கேட்டாள்.

"அந்த ரூம்ல டீச்சர் என் எதிரே உட்காருவாங்களா?"

தெரியாது என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

தலைமையாசிரியை அவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். யாரைப் பார்த்தாலும் அப்படிச் சிரிக்கும் முகம். பிள்ளைகள் அந்த முகத்தின்மேல் உயிரை விடுவார்கள். கடுகடுவென்ற முகத்தைவிட இந்த அன்பான முகம்தான் இன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு சேதி அதில்.

குருவியை வெளியே நிறுத்திவிட்டு, அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தேர்வு எழுதும்போது நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார முடியுமா? சொல்லும்போதே தான் எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிகிறோம் என்று புரிந்தது. தலைமையாசிரியையின் புருவம் உயர்ந்தது. அவள் அவசரமாகக் கண்ணாடிக்கடையில் நடந்ததைச் சொன்னாள். தன் மேஜையில் நடந்துவந்ததை மட்டும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளைகள் பெரியவர்கள் முகத்தைப் பார்ப்பது சகஜம்தானே என்றார் அவர். தேர்வு எழுதும் பிள்ளையைக் கண்காணிக்காமல் திரும்பி உட்கார முடியாது, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றார். ஆனால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்டார்.

கதவு மூடியது. அதன் நடுவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் வழியாகக் குருவியின் பின்னந்தலை தெரிந்தது, எதிரே தலைமையாசிரியையின் மேஜை தெரிந்தது. இங்கே நின்றால் குருவி எப்படியும் திரும்பிப் பார்ப்பாள். அவள் நடைவழியின் மறுகோடிக்குப் போய், படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

வகுப்பறைகள் காலியாகக் கிடந்தன. யாரோ பெருக்கிக்கொண்டே பெஞ்சுகளை இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் திடுக்கிட்டாள். சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டு வாசலில் பிள்ளைகள் இப்போது வந்து நிற்பார்கள். பெரியக்கா வந்திருப்பாள். பொதுத்தேர்வு மண்டபத்தில் யாருடைய பேனா அவளுக்காக நிற்கும்? அந்த நினைப்பு முதல்தடவையாக முழு உருவத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் அதை நகர்த்தப் பார்த்தாள். நகரவில்லை.

உள்ளேயிருந்து ஒருமுறை தலைமையாசிரியையின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. கேள்விபோல் கடைசியில் உயர்ந்த குரல். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கதவு திறந்தபோது குருவி தனியாக வந்தாள். விரல்களில் மை. அவள் படியிலிருந்து எழுந்து நின்றாள். எப்படி எழுதினாய் என்று கேட்கக் கூடாது. அதைக் கேட்காமல் இருக்க வேறு என்ன கேட்பது என்று தேடினாள்.

குருவியே சொன்னாள். "டீச்சர் நடுவுல எழுந்து பக்கத்துல வந்தாங்க. என் பேப்பரைப் பார்த்தாங்க. உறுதியாப் போட்டிருக்கியான்னு கேட்டாங்க."

"நீ என்ன செஞ்சே?"

"மூஞ்சியைப் பாக்கணும்போல இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. அதனால கண்ணை மூடிக்கிட்டேன்."

"அப்புறம்?"

குருவி பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியை நடைவழியில் வந்துகொண்டிருந்தார். கையில் தாள். அதில் எழுத்து இருந்தது என்பது மட்டும் இவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்தது. அவர் முகத்தில் அந்த வழக்கமான சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. புருவங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடிப்பு. உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. அது வருத்தமா? ஆச்சரியமா? அந்த மடிப்புக்கு என்ன பொருள்? அவள் மூச்சுவிடாமல் அந்த முகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

குருவி அவள் கையை இழுத்தாள்.

"அம்மா, அவங்களைப் பாக்காதே."

தலைமையாசிரியை அருகில் வந்து நின்றார். "கொஞ்சம் உள்ளே வர்றீங்களா?" என்றார். "நீங்க மட்டும். இதைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவள் குருவியைப் பார்த்தாள். தனியே விட்டுப் போகலாமா, என்ன எழுதினாய், எல்லாம் போயிற்றா, எதுவுமே வாயிலிருந்து வரவில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த அத்தனையையும் குருவி படித்துவிட்டாள். படித்தும், இந்தத் தடவை பிள்ளையின் முகம் மாறவில்லை.

"போயிட்டு வாம்மா" என்றாள் குருவி. "கடைசிக் கணக்கு எனக்குத் தெரியல. தெரியலைன்னே எழுதியிருக்கேன். மத்ததை நானே திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன்."